பதினேழாம் நிலையத்தின் ரயில்

9

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முழங்கால்கள் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. நாலரை மணி நேரம், டயருக்கு மேலே இருக்கும் சீட், பக்கத்தில் மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு என் தோளில் தூங்கிய ஆசாமி. ரயில் என்றால் இரண்டே மணி நேரம். ஆற்றுப் பாலத்தில் பழுது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்தப் பாதையில் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"எனக்குப் பதிலா அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கலாம் நீங்க," என்றேன்.

"உங்க அண்ணனுக்குப் பொய் சொல்லவும் வராது, சொல்றவனைக் கண்டுபிடிக்கவும் வராது. அது வந்திருந்தா உன்னை இத்தனை வருஷம் வீட்டுல வெச்சிருப்பாரா?" என்றாள் அண்ணி.

அண்ணி துப்பறிகிறாள், கொழுந்தன் நான் பை தூக்குகிறேன். இருபது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோன கடைகளை ஒரு சுற்று சுற்றிவந்து, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்கவைத்தார்களா என்று சொல்வதுதான் அவள் வேலை. இப்போது கடைகளுக்குப் பதில் மனிதர்கள். சுற்றிவருவது மட்டும் அப்படியே இருக்கிறது.

நிலநடுக்க ஆய்வு மையத்தின் கேட் வாசலில் அந்தப் பெண் காத்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். அளவெடுக்கும் டேப் கழுத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் கணவர் இந்த மையத்தில் மெக்கானிக். மலையிலும் காட்டிலும் பூமிக்கடியில் வைத்திருக்கும் கருவிகளைத் தேடிப்போய்த் துடைத்து, பேட்டரி மாற்றிவிட்டு வருவார். திங்கட்கிழமை காலை போனவர் வரவில்லை. மதியம் அவருடைய போனிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. 'என்னைத் தேடாதே. எனக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது.' போலீஸ் அதைப் படித்துவிட்டு, அனுதாபமாக ஒரு பார்வை பார்த்து, ஃபைலை மூடிவிட்டது.

"ஓடிப்போறவர் ஊசி மருந்தை ஃப்ரிட்ஜுல விட்டுட்டா போவார்?" என்று அவள் மறுபடியும் சொன்னாள். போனிலும் இதைத்தான் சொல்லியிருந்தாள். "சர்க்கரைக்குத் தினமும் ரெண்டு வேளை போட்டாகணும் அக்கா. பையில ஒரு நாளைக்குத்தான் வெச்சிருப்பார். இன்னிக்கு நாலாவது நாள்."

பயப்படாதே, கிடைத்துவிடுவார் என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அண்ணி யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மையத்தின் டைரக்டர் வாசல்வரை வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, குளிரூட்டிய குரல். பெரிய ஹாலுக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கும் கோடுகள். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு கோடு.

"இங்க ஒளிவுமறைவே கிடையாது மேடம். மொத்தம் நாற்பத்தோரு ஸ்டேஷன். அதுல பதிவாகிற ஒவ்வொரு துடிப்பும் உலகத்துக்கே திறந்திருக்கு. பதினாறு நாட்டு மையங்களோட ஒப்பந்தம். அங்க நடுங்கினா நாங்க பார்ப்போம், இங்க நடுங்கினா அவங்க பார்ப்பாங்க. நிலநடுக்கத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது பாருங்க!"

கடைசி வரியைப் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பார் என்று தெரிந்தது. சொல்லிவிட்டு அதற்கான இடைவெளியும் விட்டார்.

"மெக்கானிக் கடைசியா எந்த ஸ்டேஷனுக்குப் போனார்?" என்றாள் அண்ணி.

"பதினேழு. அணைக்கு மேல மலைச்சரிவுல இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். திங்கட்கிழமை அங்க போறதா நோட்டுல எழுதி வெச்சிருக்கார். ஆனா போகலை." தையல்காரப் பெண்ணைப் பார்த்துத் தலையை வருத்தமாக ஆட்டினார். "போயிருந்தா பதிவாகியிருக்கும்மா. பக்கத்துல ஒரு பூனை நடந்தாக்கூடக் காட்டிக்கொடுக்கிற கருவி அது. நீங்களே பாருங்க. திங்கள் முழுக்க ஒரு காலடிகூட இல்லை."

பதினேழாம் கோட்டைக் காட்டினார். சலவை செய்த வேட்டி மாதிரி இருந்தது.

"பூமியே சாட்சி சொல்லுதுன்னு சொல்றீங்க," என்றேன்.

"அதேதான்!" அவருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. என்னைப் பிடித்துப்போகிறவர்கள்மேல் அண்ணிக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

"இந்தப் பதிவு வேற யார்கிட்டயாவது இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்வந்தது. "மத்த மையங்கள்லயும் இருக்கும். இதே காப்பிதான். மன்னிக்கணும், எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. எது வேணும்னாலும் நம்ம டேட்டா ஆபீசரைக் கேளுங்க."

மணி பதினொன்று நாற்பது. அவர் போன பிறகுதான் ஹாலின் மூலையில் அந்த டேட்டா ஆபீசர் அம்மாள் உட்கார்ந்திருப்பதையே கவனித்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். உதட்டை அப்படி அழுத்தி மூடியிருந்தாள். மனதுக்குள் 'பூட்டு' என்று பெயர் வைத்தேன்.

"திங்கட்கிழமை அவரை நீங்க பார்த்தீங்களா?"

"ஞாபகம் இல்லை."

"கூட யாராவது போனாங்களா?"

"தெரியாது. டேட்டா வேணும்னா வெப்சைட்ல இருக்கு. எல்லாம் திறந்துதான் இருக்கு."

வாயைத் தவிர, என்று நினைத்துக்கொண்டேன். இவள்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று அந்த நிமிஷமே தீர்ப்பெழுதிவிட்டேன். நான் எழுதும் தீர்ப்புகள் பெரும்பாலும் அப்பீலில் அடிபட்டுப் போகும்.

அண்ணி அதற்குள் பதினேழாம் கோட்டுக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றிருந்தாள். "இது என்னம்மா? நடுவுல புடைச்சுக்கிட்டு இருக்கே."

"ரயில்," என்றாள் பூட்டு, தலையைத் தூக்காமலே. "தண்டவாளம் ஸ்டேஷன்ல இருந்து ஒரு கிலோமீட்டர்தான். பதினொன்று பத்து பாசஞ்சர். அதை நாங்க கண்டுக்கறதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே, அதைப் பார்க்காம இருக்கக் கண்ணைப் பழக்கிடுவாங்க. அது நடுக்கம் இல்லையே, வெறும் சத்தம்."

"திங்கட்கிழமையும் இருக்கா?"

"இருக்கு."

"செவ்வாய்?"

"தினமும் இருக்கும்னு சொல்றேனே."

"இன்னிக்கு?"

பூட்டு அலுத்துக்கொண்டே விசையைத் தட்டினாள். "பதினொன்று பத்து. இதோ."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இன்னிக்கு நாம எதுல வந்தோம்?"

"என்னைக் கேட்டா? என் முட்டியைக் கேளுங்க. பஸ்..."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமையில இருந்து அந்தப் பாதையில ரயிலே இல்லைம்மா," என்றாள் அண்ணி மெதுவாக. "உங்க கருவி மட்டும் தினமும் ஒரு ரயிலைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

பூட்டு திரையைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது பழையது," என்றாள். குரலே மாறிவிட்டது. "ஏதோ ஒரு பழைய வாரப் பதிவைத் தேதி மாத்தி ஓடவிட்டிருக்காங்க."

"அமைதியா இருந்த ஒரு வாரம் வேணும்னு எடுத்திருக்காங்க. கூடவே ரயிலும் ஏறி வந்துடுச்சு," என்றாள் அண்ணி. "எடுத்தவர் உங்க ஆளு. வெளியாளா இருந்தா முதல்ல ரயிலைத்தான் பார்த்திருப்பான். அதைப் பார்க்காம இருக்கப் பழகின கண்ணு இது."

பூட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமையே எனக்கு உறுத்துச்சு மேடம். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய நடுக்கம். நாற்பது ஸ்டேஷன்லயும் கோடு ஆடுச்சு. பதினேழு மட்டும் ஆடலை. கேட்டேன். உங்க வேலையை மட்டும் பாருங்கன்னுட்டாங்க. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம். பேசாம இருந்துட்டேன்." தையல்காரப் பெண்ணின் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

சொன்னது யார் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "நிஜப் பதிவு எங்க இருக்கும்?"

"ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு வழியில போகும். ஒண்ணு இங்க. இன்னொண்ணு சாட்டிலைட் வழியா நேரா வெளிநாட்டுக் கூட்டாளி மையத்துக்கு. அந்த ரெண்டாவது லைன் கெட்டுப்போச்சு, வெளியிடாதீங்கன்னு இங்க இருந்து போன வாரம் எழுதியிருக்கு. நாம சொன்னா வெளியிட மாட்டாங்க. ஆனா..."

"ஆனா?"

"அழிக்கவும் மாட்டாங்க. ஒப்பந்தத்துல முதல் விதியே அதுதான். வந்தது குப்பையா இருந்தாலும் சேர்த்து வை."

அந்த மையத்தோடு வீடியோ லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆனது. திரையில் நரைத்த முடியோடு, கனமான ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் தெரிந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. முன்பு இங்கே ஆறு வருஷம் தங்கி இந்த ஸ்டேஷன்களை அமைத்தவளாம். நம் பாஷை அவளுக்கு நன்றாகவே வந்தது. மெக்கானிக்குகள் அவளை 'அக்கரை அம்மா' என்பார்களாம்.

"பதினேழா? அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்களே! அங்க யாரோ நடமாடறாங்க, போய்ப் பாருங்கன்னு நாலு மெயில் போட்டேன். நாலுக்கும் ஒரே பதில். பக்கத்துல ஆடு மேயுதாம்."

"ஆடா?" என்றேன்.

"ரொம்பப் படிச்ச ஆடு. கடிகாரம் பார்க்கத் தெரியும். மணிக்கு ஒரு தடவை, மணி அடிச்சதும், மூணே மூணு அடி வைக்குது. பாருங்க."

கோடு விரிந்தது. திங்கள் மதியம் பன்னிரண்டு. கோட்டிலிருந்து வரிசையாக மூன்று முட்கள் கிளம்பி நின்றன. ஒரு மணிக்கு மூன்று. இரண்டு மணிக்கு மூன்று.

பூட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... இது எங்க மெக்கானிக்குகளோட பழக்கம். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் கருவி பக்கத்துல நின்னு தரையை மூணு தடவை ஓங்கி மிதிப்பாங்க. அப்புறம் இங்க போன் பண்ணி, 'தெரியுதா?'ன்னு கேட்பாங்க. நாங்க 'தெரியுது'ன்னு சொன்னாத்தான் கிளம்புவாங்க." அவள் அந்த முட்களைப் பார்த்தாள். "போன் இல்லாம மிதிச்சுக்கிட்டே இருக்கார். யாராவது தெரியுதுன்னு சொல்லுவாங்கன்னு."

தையல்காரப் பெண் திரைக்குப் பக்கத்தில் போனாள். முட்களை விரலால் தொட்டாள். "அவர்தான். அவர் வாட்ச் மணிக்கு ஒரு தடவை கத்தும். மருந்து மறக்கக்கூடாதுன்னு நான்தான் வெச்சுக்கொடுத்தேன்." சிரித்தாள்; அழுதாள்; இரண்டுக்கும் நடுவில், "எங்க இருக்கார்?" என்றாள்.

"கருவி இருக்கிற குழியில. ஆள் உயரத்துக்குக் கீழ ஒரு சின்ன அறை. காத்து வர ஒரு குழாய் உண்டு. மேல இரும்பு மூடி," என்றாள் பூட்டு. "தாழ்ப்பாள் வெளிப் பக்கம்."

அக்கரை அம்மா பதிவை நகர்த்திக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை முட்கள் விரல் நீளம் இருந்தன. புதன்கிழமை நகம் அளவு. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்தவற்றை, இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. மருந்தில்லாத உடம்பு எப்படி வற்றுகிறது என்பதை ஒரு கோட்டில் பார்க்க வேண்டியிருந்தது.

"நடுவுல பொடிப்பொடியா இருக்கே, அதுவும் காலா?" என்றாள் அண்ணி.

"இல்லை. அது நிஜமான நடுக்கம். அணையில தண்ணி ஏற ஏற அதுவும் கூடிக்கிட்டே போகுது. அதனாலதான் நான் பதறினேன்."

"நாளைக்கு அணையை முழுசா நிரப்பப் போறாங்க," என்றாள் பூட்டு. "பூமி அமைதியா இருக்குன்னு நம்ம மையம் சான்று கொடுத்துடுச்சு."

மெக்கானிக் முந்தின தடவை போனபோது கருவியிலிருந்து நேராகத் தன் லேப்டாப்பில் பார்த்ததும் இங்கே திரையில் ஓடுவதும் வேறு வேறாக இருந்திருக்கும். அதைச் சரிபார்க்கத்தான் திங்கட்கிழமை மலையேறியிருக்கிறார்.

"சான்றுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"டைரக்டர்."

"ஆடு மேயுதுன்னு நாலு பதில்?"

"கீழ அவர் பேர்தான் இருக்கு," என்றாள் அக்கரை அம்மா.

நான் கேட்டுக்கு ஓடினேன். டைரக்டரின் மீட்டிங் எந்த ரூமில் என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"மீட்டிங்கா? தனியா ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போனாரே சார். பதினொன்னே முக்கால் இருக்கும். மழைக்கு முன்னால ஒரு ஸ்டேஷனைப் பார்த்துட்டு வந்துடறேன்னார்."

திரும்பி வந்து சொன்னபோது அண்ணி ஏற்கெனவே போலீசோடு பேசிக்கொண்டிருந்தாள். அணைக்குக் கீழே இருக்கும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி கிளம்பிவிட்டது. மலைப்பாதை, இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது.

"நேரலையைப் போடறேன். உங்களுக்கு வந்து சேர பதினைஞ்சு செகண்ட் ஆகும்," என்றாள் அக்கரை அம்மா.

கோடு ஓடியது. இரண்டு நிமிஷத்துக்கெல்லாம் மெல்லப் புடைக்க ஆரம்பித்தது. ரயில் அளவுக்கு இல்லை. புடைத்து, பெரிதாகி, சட்டென்று அடங்கியது.

"வண்டி," என்றாள் பூட்டு. "நின்னுடுச்சு."

அப்புறம் சின்னச் சின்னத் துடிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவளுடைய கண் அவற்றைப் புத்தகம் போலப் படித்தது. "இறங்கி நடக்கறார். கிட்ட வர்றார். மூடி பக்கத்துல... நிக்கறார். அசையலை."

"என்ன பண்றார்?" என்றேன்.

"காது கொடுத்துக் கேக்கறான்," என்றாள் அண்ணி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைக் கேலி செய்த குரல் இல்லை அது. "உள்ள உயிர் இருக்கான்னு."

அந்த ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. மறுபடி துடிப்புகள் வந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தது.

"திரும்பிட்டார்," பூட்டு கிசுகிசுத்தாள். "போறார். முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டார். போறார்!"

நான் அண்ணியின் கையைப் பிடித்து உலுக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.

தையல்காரப் பெண்ணும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாட்ச் கத்துமே," என்றாள். "கத்தினதும் அவர் மிதிப்பாரே." பூட்டின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இங்க இருந்து அவருக்கு ஏதாவது சொல்ல முடியாதா? ஒரே ஒரு வார்த்தை?"

"இது கேக்கற கருவி மட்டும்தான்மா," என்று பூட்டு அழுதாள். "பேசாது."

நாலு நாளாக அவரிடமிருந்து ஒரு சத்தம் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் பதித்தாள். "மிதிக்காதீங்க," என்றாள். "இந்த ஒரு தடவை மட்டும் வேண்டாங்க. தூங்குங்க. எழுந்திருக்காதீங்க. மிதிக்காதீங்க..."

கடிகாரத்தில் ஒரு மணி ஆனது.

கோடு நேராகத்தான் ஓடியது. ஐந்து வினாடி. எட்டு. பத்து. போகிற காலடிகள் மட்டும் சின்னதாகிக்கொண்டே போயின. நான் மூச்சை விட்டேன். "மிதிக்கலை அண்ணி! மிதிக்கலை!"

"இன்னும் பதினைஞ்சு ஆகலை," என்றாள் அக்கரை அம்மா.

அவருக்கு உடம்பில் மிச்சமிருந்தது எல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வந்தவற்றைவிடப் பெரிதாக, யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்குத் தெளிவாக, ஒன்று வந்தது. இரண்டு. மூன்று.

போய்க்கொண்டிருந்த காலடிகள் நின்றன.

பிறகு அவை ஒவ்வொன்றாகப் பெரிதாக ஆரம்பித்தன.